பழையது கழியாத நிலப்படம்

அச்சிட்ட நிலப்படத்திற்கு ஒரு நன்மை உண்டு. புதிய பதிப்பு வெளிவந்த பிறகும் பழைய பதிப்பு எங்கேனும் ஒரு நூலகத்தில் கிடக்கும். இரண்டையும் மேசைமீது விரித்து வைத்து, முன்பு ஏரியாக இருந்த இடம் இப்போது குடியிருப்பாகி விட்டதைக் காணலாம். ஊர்ப்பெயர் ஒன்றின் எழுத்து மாறியிருப்பதைக் காணலாம். யார் மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டாலும், மாற்றம் நிகழ்ந்தது என்பதற்குத் தாள் சாட்சி சொல்லும். கணினித் திரையில் தோன்றும் நிலப்படத்திற்கு இயல்பாக அந்தச் சாட்சி கிடையாது. நேற்றிருந்த தெருப்பெயர் இன்று வேறாக இருந்தால், நேற்று என்ன இருந்தது என்று கேட்பவருக்குத் திரையில் காட்ட ஒன்றும் இராது.

இந்த மறதிக்கு உடன்படாத நிலப்படம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது அதன் பெயர். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்ற அளவில் அதைப் பலரும் அறிவர். அதில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் முந்தைய நிலையை அழிக்காமல் அதன் மேல் ஒரு புதிய பதிப்பாக அமர்கிறது என்பதும், அந்தப் பதிப்புகள் அனைத்தையும் வெளியார் மொத்தமாக எடுத்துச் செல்ல முடியும் என்பதும் அவ்வளவாகப் பேசப்படாதவை. நிரலாளர்களின் வசதிக்கான ஏற்பாடாகத் தொடங்கிய இது, உழைப்பு யாருடையது, எந்தப் படி உண்மையானது, யாருடைய பெயர் எவ்வளவு காலம் நிற்கலாம் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றைச் சற்றே விரிவாகப் பார்க்கலாம்.

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலண்டனில் இது தொடங்கியது. தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட். அப்போது அவர் யூனிவர்சிட்டி காலேஜ் இலண்டனில் மாணவர். பிரித்தானியாவின் நில அளவை நிறுவனமாகிய ஆர்ட்னன்ஸ் சர்வே 1791இல் தோன்றிய பழம்பெரும் அமைப்பு. அதன் நிலப்படங்கள் மிகத் துல்லியமானவை. ஆனால் அவை அரசின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. மக்களின் வரிப்பணத்தில் உருவான அத்தரவை மக்களே பயன்படுத்த உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக நாமே நடந்து அளந்து ஒரு நிலப்படம் செய்தால் என்ன என்பதுதான் கோஸ்ட் எழுப்பிய கேள்வி. காலமும் கனிந்திருந்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். குறிகளில் வேண்டுமென்றே பிழை கலக்கும் வழக்கத்தை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்டிருந்தது. கையடக்கக் கருவியோடு தெருவில் நடந்தால், நடந்த தடமே கோடாகப் பதியும் நிலை வந்திருந்தது. முன்மாதிரியாக 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா கண்முன் நின்றது.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. அதையே நிலப்படத்திற்கும் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கட்டுரை ஒரே உரைத்துண்டு. அதன் பழைய வடிவத்தை எடுத்துப் பார்த்தால் அன்று இருந்தது முழுதும் கிடைத்துவிடும். நிலப்படத்தில் ஒரு பொருள் மற்றொன்றைப் பற்றி நிற்கிறது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு மூன்று வகைப் பொருள்களால் ஆனது. முதலாவது கணு, அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களால் குறிக்கப்படும் ஒரு புள்ளி. இரண்டாவது வழி, கணுக்களை வரிசையாகக் கோத்த சரம். தெருவும் ஆறும் கட்டடத்தின் சுற்றுக்கோடும் வழிகளே. மூன்றாவது உறவு, பல கணுக்களையும் வழிகளையும் ஒன்றுசேர்த்து, இது ஒரு பேருந்துத் தடம், இது ஒரு மாவட்டத்தின் எல்லை என்று சொல்வது. ஒவ்வொன்றின் மேலும் பெயர், வகை போன்ற குறிச்சொற்களை ஒட்டலாம். அவ்வளவுதான் இலக்கணம். 900 கோடிக்கும் மேற்பட்ட கணுக்கள் இன்று இந்த எளிய இலக்கணத்திற்குள் அடங்கியிருக்கின்றன.

இவற்றைச் சேமிக்கும் முறையும் எளிதே. தரவுத்தளத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று நடப்பு நிலையை மட்டும் வைத்திருக்கும். நிலப்படத்தைத் திருத்த வருபவருக்கு அதிலிருந்து விரைவாக எடுத்துக் கொடுக்கலாம். மற்றொன்று எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கும். கணு ஒன்றை நகர்த்தினால் நடப்பு அட்டவணையில் அதன் இடம் மாறும்; வரலாற்று அட்டவணையிலோ, பழைய வரிசை அப்படியே இருக்க, அடுத்த எண்ணுடன் புதிய வரிசை ஒன்று சேரும். யார் செய்தார், எந்த நொடியில் செய்தார் என்பதும் உடன் பதியும். நீக்குவதுகூட இங்கு நீக்குதல் ஆகாது. இனிமேல் காணப்படாது என்னும் குறியுடன் மற்றுமொரு பதிப்பு சேர்க்கப்படுகிறது, அவ்வளவே. நீக்கப்பட்ட பொருளைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று வழங்கி சொல்வதில்லை. இருந்தது, போய்விட்டது என்று பொருள்படும் 410 என்னும் எண்ணை விடையாகத் தருகிறது. இல்லாததற்கும் இருந்து மறைந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இயந்திரம் இவ்வளவு கறாராகப் பேணுவது வியப்புக்குரியது.

ஆனால் வரலாற்றைப் பேணும் இந்த நிலப்படத்தின் சொந்த இளமைக்கால வரலாறு முழுமையாக இல்லை. தொடக்க ஆண்டுகளில் கணுவுக்கும் வழிக்கும் இடையே துண்டு என்றொரு பொருள் இருந்தது. இரண்டு கணுக்களை இணைக்கும் சிறு கோடு அது. துண்டுகளைச் சேர்த்தே வழிகள் அமைந்தன. இது வீண்சுமை என்று கண்டு 2007 அக்டோபரில் துண்டுகளை ஒழித்து, உறவு என்னும் வகையைப் புகுத்தினார்கள். வழிகள் புதிய முறையில் மாற்றி எழுதப்பட்டன. ஆகவே அந்த அக்டோபருக்கு முந்தைய பதிப்புகள் குறைவுபட்டே கிடைக்கின்றன. இதன் வரலாற்றை ஆராயும் ஹைடல்பெர்க் நகரத்து ஆய்வாளர்களும் தங்கள் கருவிகளின் காலக்கணக்கை 2007 அக்டோபரிலிருந்தே தொடங்குகிறார்கள். எழுத்துமுறை மாறும்போது பழைய சுவடி படிக்கப்படாமற் போவது நமக்குப் புதிதன்று.

அடுத்த பெரிய மாற்றம் 2009 ஏப்ரலில் வந்தது. அதுவரை நிலவிய ஓர் ஆபத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவை இருவர் ஒரே நேரத்தில் தத்தம் கணினியில் இறக்கிக் கொள்கிறார்கள். ஒருவர் அதன் பெயரைத் திருத்தி ஏற்றிவிடுகிறார். மற்றவர் பத்து நிமிடம் கழித்து அதன் வளைவைச் சரிசெய்து ஏற்றுகிறார். இரண்டாமவர் கையில் இருப்பது பெயர் திருத்தப்படாத பழைய படி. அவர் ஏற்றியதும் முதலாமவரின் திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. ஆனாலும் ஒருவரது உழைப்பு அழிந்தது. 0.6 என்று எண்ணிடப்பட்ட புதிய முறை இதற்கு ஒரு தீர்வு கண்டது. திருத்தம் ஏற்றுபவர், தாம் எந்தப் பதிப்பின்மேல் வேலை செய்தார் என்னும் எண்ணையும் உடன் அனுப்ப வேண்டும். வழங்கியில் இருக்கும் நடப்பு எண் அதற்கு மாறாக இருந்தால், 409 என்னும் முரண்பாட்டு எண்ணுடன் திருத்தம் திருப்பி அனுப்பப்படும். இருவர் செய்ததையும் ஒப்பிட்டு இணைக்கும் பொறுப்பு மனிதருக்கே உரியதாயிற்று.

அதே மாதத்தில் மாற்றத் தொகுப்பு என்னும் கருத்தும் வந்தது. ஒருவர் ஓர் அமர்வில் செய்யும் திருத்தங்கள் அனைத்தும் ஒரே எண்ணின்கீழ்த் தொகுக்கப்பட்டு, அவற்றுக்கு ஒரு குறிப்புரையும் எழுத இடம் தரப்பட்டது. என்ன மாறியது என்பது முன்னரும் பதிவானது. ஏன் மாறியது என்பதைச் சொல்ல இப்போதுதான் ஓர் இடம் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் இத்தகைய தொகுப்புகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது. தரவுத்தளமும் அந்த 2009 மாற்றத்தின்போதே மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாற்றப்பட்டது.

பதிப்பெண் இருந்துவிட்டால் வரலாறு தெளிவாகிவிடும் என்று கருதுவதற்கில்லை. வழி என்பது கணுக்களின் வரிசை என்று மேலே கண்டோம். ஒரு கணுவை நகர்த்தினால் அந்தக் கணுவின் பதிப்பெண் கூடும். அதன் வழியாகச் செல்லும் தெருவின் பதிப்பெண் கூடாது. ஏனெனில் வரிசை மாறவில்லை. ஆகவே மூன்றாம் பதிப்பு என்று குறிக்கப்பட்ட ஒரு தெருவுக்கு, அந்த மூன்றாம் பதிப்பின் ஆயுட்காலத்திலேயே பத்து வடிவங்கள் இருந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட நாளில் தெரு எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால், அன்று நடப்பிலிருந்த வழியின் பதிப்பையும், அன்று நடப்பிலிருந்த ஒவ்வொரு கணுவின் பதிப்பையும் தேடிச் சேர்க்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. ஒரு தெருவை இரண்டாக வெட்டினால் ஒரு பாதி பழைய எண்ணையும் பழைய வரலாற்றையும் வைத்துக் கொள்ளும். மறுபாதி புதிய எண்ணுடன் முதல் பதிப்பாகப் பிறக்கும். அதை முதலில் வரைந்தவர் யார் என்பது அதன் பதிவில் இராது. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது விளங்கும்: பாடபேதங்களைக் குறித்து வைத்தால் மட்டும் போதாது, எந்த ஏடு எந்த ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

இனி, தரவை வெளியே எடுக்கும் முறைகளுக்கு வருவோம். திரையில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து எடுத்துக் கொள்வது முதல் முறை. கால் சதுர பாகை என்பதும் 50,000 கணுக்கள் என்பதும் இதற்குரிய வரம்புகள். கிடைக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பதிப்பெண், நேரம், கடைசியாகத் தொட்டவர் பெயர், மாற்றத் தொகுப்பின் எண் ஆகியவை இருக்கும். இது ஏழாம் பதிப்பு என்று தெரியும். முந்தைய ஆறில் என்ன இருந்தது என்பது அக்கோப்பில் இராது. இரண்டாவது முறை, வாரந்தோறும் வெளியாகும் பிளானட் என்னும் முழுக்கோப்பு. உலகம் முழுவதன் நடப்பு நிலையும் அதில் உண்டு. பி.பி.எஃப். என்னும் சுருக்க வடிவில் அது ஏறத்தாழ 80 கிகாபைட். எல்லாப் பதிப்புகளையும் கொண்ட முழு வரலாற்றுக் கோப்பு இதனினும் பெரியது. அதுவும் தனியே வெளியிடப்படுகிறது.

மூன்றாவது முறைதான் நுட்பமானது. ஒரு முறை முழுக்கோப்பை எடுத்தவர் அதன்பின் மாற்றங்களை மட்டும் எடுத்துத் தம் படியைப் புதுப்பித்துக் கொள்ளலாம். ஆக்கப்பட்டவை, மாற்றப்பட்டவை, நீக்கப்பட்டவை என்று பிரித்து, நாளுக்கும் மணிக்கும் நிமிடத்துக்கும் ஒன்றாக மாற்றக் கோப்புகள் வெளிவருகின்றன. பிரெட் ஹென்டர்சன் எழுதிய ஆஸ்மோசிஸ் என்னும் மென்பொருள் இதற்கு வழிவகுத்தது. கேட்க எளிதாகத் தோன்றும் இதில் ஒரு பொறி உண்டு. 10 மணி 1 நிமிடத்தில் தொடங்கிய ஒரு திருத்தம் 10 மணி 3 நிமிடத்தில்தான் தரவுத்தளத்தில் உறுதியாகிறது என்று கொள்வோம். அதன் நேரக்குறி 10.01. இரண்டாம் நிமிடத்தில் கோப்பு தயாரிக்கும் நிரலின் கண்ணுக்கு அது இன்னும் தெரியாது. அடுத்த கோப்பைத் தயாரிக்கும்போது 10.02க்குப் பிந்தியவற்றை மட்டுமே அது தேடும். திருத்தம் இரண்டு கோப்பிலும் விடுபட்டுவிடும். தரவுத்தளத்தில் இருக்கும், உலகெங்கும் உள்ள படிகளில் இராது. கடிகாரத்தை நம்பாமல், எந்தெந்தப் பரிவர்த்தனைகள் முடிந்தன, எவை முடியவில்லை என்னும் தரவுத்தளத்தின் சொந்தக் கணக்கை வைத்து மாற்றங்களைப் பிரிப்பது இதற்குத் தீர்வாயிற்று.

இத்தகைய நுணுக்கங்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2010 ஜனவரி 12 விடை சொல்லும். அன்று ஹெய்தியில் நிலநடுக்கம் நேர்ந்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சின் தெருக்கள் அதற்குமுன் இந்த நிலப்படத்தில் பெரும்பாலும் இல்லை. செயற்கைக்கோள் படங்கள் பொதுவில் வெளியிடப்பட்டதும், உலகின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அவற்றைப் பார்த்துத் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தனர். சில நாட்களில் அந்நகரின் மிக விரிவான நிலப்படம் உருவாயிற்று. வரைந்தவை வழங்கியிலேயே கிடந்திருந்தால் மீட்புப் பணியாளர்க்குப் பயனில்லை. நொடிக்கு நொடி மாறும் தரவை வெளியே எடுத்துக் கையடக்கக் கருவிகளில் ஏற்ற முடிந்ததால்தான், நேற்று ஒருவர் எங்கோ அமர்ந்து வரைந்த தெருவில் இன்று மற்றொருவர் வழி கண்டு செல்ல முடிந்தது. ஒரே தெருவைப் பலர் ஒருசேர வரையும் அந்த அவசரத்தில், முந்திய ஆண்டு வந்த பதிப்பெண் சோதனை துணைநின்றது.

பதிப்பு வரலாறு மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளானது 2012இல். தொடக்கம் முதல் இத்தரவு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் இருந்தது. அது கவிதை, ஒளிப்படம் போன்ற படைப்புகளுக்காக எழுதப்பட்டது. தெரு எங்கே இருக்கிறது என்பது படைப்பா, வெறும் தகவலா? சில நாடுகளின் சட்டம் தகவலுக்குப் பதிப்புரிமை தருவதில்லை. ஆகவே தரவுத்தளங்களுக்கென்றே எழுதப்பட்ட ஓ.டி.பி.எல். என்னும் உரிமத்திற்கு மாற முடிவு செய்தனர். 2010 மே முதல் புதிதாகச் சேர்ந்தவர்கள் புதிய நிபந்தனைகளை ஏற்றே சேர்ந்தனர். முன்பே பங்களித்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் இசைந்தனர். சிலர் கொள்கை காரணமாக மறுத்தனர். சிலரிடமிருந்து விடையே வரவில்லை.

இசையாதவர்களின் உழைப்பை என்ன செய்வது? அது அவர்கள் உடைமை. புதிய உரிமத்தின்கீழ் அதை வெளியிட முடியாது. 2012 ஜூலையில் ஒரு தானியங்கி நிரல் உலகம் முழுவதையும் பொருள் பொருளாகப் பார்த்துச் சென்றது. ஒரு தெருவின் முதல் பதிப்பே மறுத்தவருடையதானால் தெரு பெரும்பாலும் நீங்கியது. இடைப்பட்ட பதிப்பு ஒன்று மட்டும் அவருடையதானால், அவர் சேர்த்தவற்றில் அன்றுவரை எஞ்சியிருந்தவை நீக்கப்பட்டன. பழைய பதிப்புகளும் வரலாற்றிலிருந்து மறைக்கப்பட்டன. இன்று கேட்டாலும் அவை காட்டப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவும் போலந்தும் மிகுந்த இழப்புக்கு உள்ளாயின. ஊர்கள் வெறுமையாகி, அங்குள்ளோர் மீண்டும் வரைந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது.

இந்நிகழ்ச்சியில் நெஞ்சை உறுத்தும் முரண் ஒன்று இருக்கிறது. பதிப்பு வரலாறு காக்கப்பட்டிராவிட்டால் இந்த அறுவையைச் செய்திருக்கவே முடியாது. யாருடைய உழைப்பு எது என்று தெரியாத நிலையில், ஒன்று மறுத்தவர்களின் உரிமையை மிதித்திருக்க வேண்டும். அன்றி எல்லாவற்றையும் கைவிட்டிருக்க வேண்டும். வரலாறு இருந்ததால்தான் குறைந்த இழப்போடு நேர்மையாக நடக்க முடிந்தது. ஆனால் அந்நேர்மைக்கு விலையாக அதே வரலாற்றில் பொத்தல்கள் விழுந்தன. மேலே சொன்ன குறையும் இங்கு வலித்தது. வெட்டப்பட்ட தெருவின் மறுபாதி, முதலில் வரைந்தவரின் பெயரைச் சுமக்காமல் தப்பியிருக்கலாம்.

2018இல் மேலும் இரண்டு கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தியவரின் பெயரும் நேரமும் இருக்கின்றன. ஒருவரது திருத்தங்களைக் கோத்துப் பார்த்தால் அவர் வாழும் தெருவையும் விழித்திருக்கும் நேரத்தையும் ஊகித்துவிடலாம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலிருந்து நாடுவாரியாகத் தரவைப் பிரித்து வழங்கும் ஜியோஃபாப்ரிக் நிறுவனம், பயனர் பெயர்களை நீக்கிய கோப்புகளைப் பொதுவிலும், அவற்றைக் கொண்ட கோப்புகளைக் கணக்கு வைத்திருப்போருக்கு மட்டும் தனியாகவும் தரத் தொடங்கியது. உழைத்தவர் பெயரைச் சொல்வது மரியாதை. சொல்லியே தீர்வது சில சமயம் ஊறு.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, ஸ்னாப்சாட் உள்ளிட்ட செயலிகளில் நியூயார்க் நகரின் பெயருக்குப் பதிலாக யூத வெறுப்புச் சொல் ஒன்று தோன்றியது. செயலிகள் மேப்பாக்ஸ் நிறுவனத்திடமிருந்து நிலப்படம் பெற்றவை. மேப்பாக்ஸ் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தரவு பெறுவது. மூலத்தில் அந்த நாசவேலை அம்மாதத் தொடக்கத்திலேயே நிகழ்ந்து, விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டும் விட்டது. ஊற்றில் நீர் தெளிந்த பின்னும் வாய்க்காலின் கடைமடையில் கலங்கல் வந்து சேர்ந்தது. எடுத்துச் செல்லப்பட்ட படி தான் எந்த நாளின் படி என்பதைச் சொல்ல மறந்தால் இப்படித்தான் நேரும். செயலியில் அச்சொல்லைக் கண்டவர்களுக்கு அது எந்தப் பதிப்பு, யார் எழுதியது, எப்போது திருத்தப்பட்டது என்பதை அறிய வழியில்லை. மூலத்திற்குச் சென்றவர்களுக்கு எல்லாம் இருந்தது.

இத்தரவைக் கேள்வி கேட்டுப் பெறுவதற்கு ரோலண்ட் ஓல்பிரிக்ட் உருவாக்கிய ஓவர்பாஸ் என்னும் கருவியில், கடந்த நாள் ஒன்றைக் குறிப்பிட்டு அன்றைய நிலப்படத்தைக் கேட்கும் வசதி 2014இல் வந்தது. அந்தப் பழந்தரவுக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் பரண் என்றே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் முதலான எந்த நாளையும் அந்தப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கலாம். அதற்கு முந்தையது, உரிம மாற்றத்தின் அக்கரையில் நின்றுவிட்டது. வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஏடுகளால் இலக்கியத்தை மீட்டெடுத்த மரபில் வந்த நமக்கு இச்சொல் தற்செயலாகப் படவில்லை.

நூல்களும் அகராதிகளும் அரசாணைகளும் இன்று இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே திருத்தப்படுகின்றன. அவற்றைத் தருவோரிடம் நாம் பெரும்பாலும் கேட்பது, இது இலவசமா, இது சரியா என்னும் இரண்டு மட்டுமே. இந்த நிலப்படத்தின் இருபதாண்டு வாழ்வு வேறு இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்கிறது. திருத்துவதற்கு முன் என்ன இருந்தது என்பதை வைத்திருக்கிறீர்களா? வைத்திருப்பதை உங்கள் தயவின்றி நாங்கள் எடுத்துச் செல்ல முடியுமா? முதலாவதற்கு மட்டும் ஆம் என்று சொல்லும் நிறுவனம் ஒருநாள் தன் வாயிலை மூடிவிடலாம். அன்று பரணும் அதோடு பூட்டப்பட்டுவிடும். நிமிடத்துக்கு ஒன்றாக உலகெங்கும் போய்ச் சேரும் அந்தச் சிறு மாற்றக் கோப்புகள் அப்படி ஒரு நாள் வராமலிருப்பதற்கான காப்பு.